மொரீஷியஸ் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடம்: எங்கே தேடுவது

வணக்கம் டீச்சர். பிள்ளைகள் வீட்டில் மொரீஷியஸ் பேச்சுமொழியான கிரியோல்தான் பேசுகிறார்கள், தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்தால் ஒரு வரி கூடப் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நூல்கள் வீட்டிலேயே தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்காக எழுதப்பட்டவை, அதனால் உங்கள் பிள்ளைகள் மீது எந்தக் குறையும் இல்லை.

முதலில் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளத்தைப் பாருங்கள். பிரதம் புக்ஸ் என்ற இந்தியச் சிறுவர் நூல் பதிப்பகம் 2015-ல் தொடங்கியது, இலவசம். மொழியில் தமிழையும், வாசிப்பு நிலையில் முதல் நிலையையும் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக்கு ஒரு படம், ஒன்றிரண்டு வரி, அவ்வளவுதான். படத்தைக் காட்டி என்ன இது என்று கேளுங்கள், பிள்ளை கிரியோலில் "லிஸியேன்" என்று சொல்லட்டும், தடுக்காதீர்கள், அப்புறம் "ஆமாம், நாய்" என்று நீங்கள் சொல்லுங்கள். நானும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், இரண்டாம் வாரத்திலேயே அவர்களே முந்திக்கொண்டு தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுதியவர், வரைந்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் போட்டு, மாற்றியிருந்தால் அதையும் சொன்னால் போதும், கதைகளை அச்சிடலாம், மாற்றவும் செய்யலாம். ஒரு கதையில் வரும் ஊர்த் திருவிழாவை நம் தைப்பூசக் காவடியாக மாற்றிப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும்! வகுப்பறையில் இணையம் இல்லையென்றால் வீட்டிலேயே பிடிஎஃப் இறக்கிக் கொண்டுபோங்கள்.

பாட்டுக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தின் மழலைக்கல்விப் பகுதி நல்லது. தமிழ்நாட்டு நூல்தான் வேண்டுமென்றால் ஒன்றாம் வகுப்பு நூலை மட்டும் எடுங்கள், அதிலும் படப்பக்கங்கள் போதும்.

எந்தப் பாடத்தில் திணறுகிறார்கள் என்று எழுதுங்கள், அதற்கேற்ற கதைகளைத் தேடித் தருகிறேன்.