பல்கலைக்கழகக் கூட்டு ஒப்பந்தங்களால் எச்.ஐ.வி. தடுப்பு ஆராய்ச்சி உண்மையில் வளருமா?

வளரும். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியபடி வளர்வது அபூர்வம் என்பேன். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகமும் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகமும் சேர்ந்த கூட்டு. அது தொடங்கியபோது எச்.ஐ.வி. என்றொரு கிருமி இருப்பதே யாருக்கும் தெரியாது.

1970களில் கனடாவின் வின்னிபெக் நகரில், பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் ஒரு பால்வினை நோய் பரவியது. அதை ஆராய்ந்தவர் மானிட்டோபா பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ரொனால்ட். அதே நோய் நைரோபியில் ஏராளம். 1980இல் இரு பல்கலைக்கழகங்களும் கைகோத்தது அந்தப் புண்ணுக்காகத்தான்.

அது எங்கிருந்து பரவுகிறது என்று தேடிப் போனவர்கள், நைரோபியின் மஜெங்கோ குடிசைப் பகுதியில் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் வந்து சேர்ந்தார்கள். 1985 வாக்கில் அவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குத் தொற்று இருந்தது. கூட்டின் போக்கே அத்தோடு மாறிவிட்டது.

இந்த இடத்தில் கனடாவின் ஃபிராங்க் பிளம்மர் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். சரி, அவர் பங்கு பெரியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் கென்யச் செவிலியர் எலிசபெத் ங்குகியை முதலில் சொல்வேன். அந்தப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசி, ஆணுறை பயன்படுத்துவதை அவர்களுடைய பொது முடிவாக்கியவர் அவர். ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விடாமல் அங்கேயே கிளினிக் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். அதனால் அதே பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர முடிந்தது. அப்படித்தான், திரும்பத் திரும்ப ஆபத்துக்கு உள்ளாகியும் தொற்றாத சில பெண்கள் கண்ணில் பட்டார்கள். தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அது பெரிய நம்பிக்கை கொடுத்தது. தடுப்பூசி இன்னும் வரவில்லை, அது வேறு விஷயம்.

விருத்தசேதனம் (ஆணுறுப்பின் முன்தோலை நீக்குவது) செய்யாத ஆண்களுக்குத் தொற்று அதிகம் என்று இந்தக் குழு 1989இல் எழுதியது. அதை உறுதிசெய்ய நீண்ட காலம் பிடித்தது. விருத்தசேதனம் தொற்றைக் குறைக்கிறதா என்று கென்யாவின் கிசுமு நகரில் 2,784 இளைஞர்களிடம் நடந்த சோதனையில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2006 டிசம்பரில் முன்கூட்டியே அதை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே உலக சுகாதார அமைப்பு விருத்தசேதனத்தைத் தடுப்பு முறையாகப் பரிந்துரைத்தது.

அப்புறம், மானிட்டோபா நம் பக்கத்துக்கும் வந்தது. கர்நாடகாவில் மாநில எய்ட்ஸ் தடுப்புச் சங்கத்தோடு சேர்ந்து 2003இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அங்கும் தொடக்கத்தில் வேலை பெரும்பாலும் பாலியல் தொழிலாளர்களோடுதான் நடந்தது.

ஆகவே புதிதாக ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானால் தொகையைப் பார்க்கமாட்டேன். உள்ளூர்க் கிளினிக்கை யார் நடத்துகிறார்கள், நிதி முடிந்த பிறகும் அது திறந்திருக்குமா என்றுதான் கேட்பேன்.