டென்னிஸ் ஆடும் பிள்ளைக்குத் திறந்தநிலைப் பள்ளி எதற்கு?

திறந்தநிலைப் பள்ளி என்றால் தினமும் வகுப்புக்குப் போகாமல், வீட்டில் படித்து 10, 12ஆம் வகுப்புத் தேர்வை எழுதும் முறை. இந்தியாவில் இதைத் தேசிய அளவில் நடத்துவது என்ஐஓஎஸ் என்ற மத்திய அரசு வாரியம்.

டென்னிஸ் பிள்ளைகளுக்கு இது ஏன் தேவைப்படுகிறது? ஜூனியர் தரவரிசை ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கும் புள்ளிகளால் ஆனது. ஒரு போட்டி கிட்டத்தட்ட ஒரு வாரம் ஓடும். திங்கட்கிழமை தோற்றால் மறுநாளே வகுப்பில் உட்காரலாம், ஜெயித்துக்கொண்டே போனால் அந்த வாரப் பள்ளி அவ்வளவுதான். நன்றாக ஆடுகிற பிள்ளைக்குத்தான் வருகைப்பதிவு அதிகம் அடிவாங்கும்!

என்ஐஓஎஸ்ஸில் பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். மளிகைக் கடை பாக்கியைக் கையில் பணம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பதுபோல, ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறிக்கொள்ளலாம்.

ஆனால் படிக்கச் சொல்ல ஆசிரியர் பக்கத்தில் இருக்கமாட்டார். அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை கோகோ காஃப் 2019இல் தன் 15 வயதில் விம்பிள்டன் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய இரவு அறிவியல் தேர்வு எழுதினார். அந்த ஒழுங்கு இல்லாத பிள்ளைக்கு, விடுப்பு தரச் சம்மதிக்கும் சாதாரணப் பள்ளியே மேல் என்பேன். குறைந்தபட்சம் 10ஆம் வகுப்பு வரையாவது.

அப்புறம், 'இந்தச் சான்றிதழ் காலேஜில் செல்லாது' என்று பலர் பயமுறுத்துவார்கள். அது தவறு, ஐந்து பாடங்களில் தேறி வாங்கும் என்ஐஓஎஸ் 12ஆம் வகுப்புச் சான்றிதழை வைத்துப் பட்டப்படிப்பில் சேரலாம்.