கால்நடை கேள்வி பதில்: கிருமியா, சாயத் தூசியா?

கேள்வி: கால்நடை ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். உண்ணி மொய்த்து, காய்ச்சலோடு வந்த ஜெர்சி கலப்பினப் பசுவின் ரத்தத்தை ஜீம்சா சாயமிட்டுப் பார்த்தேன். சிவப்பணுக்களில் கருநீலப் புள்ளிகள். அனாபிளாஸ்மா (உண்ணி பரப்பும் ரத்தக் கிருமி) என்று எழுதிக் கொடுத்தேன், டாக்டர் 'சாயத் தூசி' என்று திருப்பிவிட்டார். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: நானும் இதே மாதிரி எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கியவன்தான். எண்ணெய் லென்ஸில் ஃபைன் ஃபோகஸ் திருகை மெதுவாகத் திருப்புங்கள். தூசி அணுவுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால், அணு மங்கும் நேரத்தில் அது பளிச்சென்று தெரியும். அனாபிளாஸ்மா உள்ளே இருப்பது, அணுவோடு சேர்ந்தே தெளியும், சேர்ந்தே மங்கும். அப்புறம் இடத்தைப் பாருங்கள். மாட்டுக்கு வரும் அனாபிளாஸ்மா மார்ஜினேல், பெயரிலேயே இருக்கிற மாதிரி, பெரும்பாலும் விளிம்பை ஒட்டி உருண்டையாக இருக்கும், தூசியோ அணுவே இல்லாத வெற்றிடத்திலும் சிதறிக் கிடக்கும். இந்தப் புள்ளி பெரியவர்களையே குழப்பியதுதான்: உண்ணி பரப்பும் இன்னொரு ரத்த ஒட்டுண்ணியான பபேசியாவின் ஒரு பருவம் என்று நினைத்திருந்ததை, தனிக் கிருமி என்று 1910-ல் தென்னாப்பிரிக்காவில் அர்னால்டு தைலர்தான் பிரித்துக் காட்டினார். ரத்தசோகையிலிருந்து தேறும் மாட்டின் இளம் சிவப்பணுக்களில் மிஞ்சிய உட்கருத் துணுக்கும் இதே வேஷம் போடும், அதனால் ஒற்றைப் புள்ளியை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சரி, தூசி எங்கிருந்து வருகிறது? நம் கையிலிருந்துதான். சாயத்தை வடிகட்டுங்கள், ஸ்லைடின் மேலேயே காயவிடாதீர்கள். முக்கியமாக, சாயத்தைச் சாய்த்துக் கொட்டிவிட்டுக் கழுவாதீர்கள், மேலே மிதக்கும் ஏடு அப்படியே அணுக்கள் மேல் படிந்துவிடும். ஸ்லைடு மட்டமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டு ஏட்டை வழியவிடுங்கள். மழைக்காலத்தில் ஸ்லைடில் இழுத்த ரத்தப் பூச்சு மெதுவாகக் காய்ந்தாலும், அதை நிலைநிறுத்தும் மெத்தனால் பாட்டில் மூடாமல் கிடந்து ஈரம் இழுத்திருந்தாலும் சிவப்பணுவுக்குள் கண்ணாடிபோல் மின்னும் ஓட்டைகள் வரும், அதையும் கிருமி என்று எழுதியவர்கள் உண்டு. பூச்சு எடுத்தவுடன் காற்றில் ஆட்டிக் காயவையுங்கள்.

கேள்வி: நாயின் வயிற்றில் கோத்த நீரை எடுத்து அனுப்ப ஒரே குழாய் போதுமா?

பதில்: போதாது. அணுக்களைப் பார்க்க ஈடிடிஏ (உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் ஒரு பங்கு, கிருமி வளர்த்துப் பார்க்கக் கிருமி நீக்கிய வெறுங்குழாயில் ஒரு பங்கு, ஏனென்றால் ஈடிடிஏ பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும். கூடவே அங்கேயே ரெண்டு பூச்சும் போட்டுக் காயவைத்து அனுப்புங்கள், நீரில் நேரம் ஆக ஆக அணுக்கள் உப்பி உருமாறிவிடும். ஒரு விஷயம்: திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் ஜாடியோடு அந்த ஸ்லைடுகளை ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், ஆவி பட்டாலே சாயம் ஒழுங்காக ஏறாது.