“எனக்கு எதுவுமே வராதும்மா!”

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. போன வருடம் வரை எதற்கும் முந்திக்கொண்டு கை தூக்குவாள். இப்போது எதைச் சொன்னாலும், ‘எனக்கு வராதும்மா’ என்கிறாள். வரைந்த படத்தை அவளே கிழித்துப் போடுகிறாள். ‘நீ எவ்வளவு கெட்டிக்காரி!’ என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். எரிந்து விழுகிறாள். என்ன செய்வது?

பதில்: அவள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. தன்மேல் நம்பிக்கை குறைந்திருக்கும் பிள்ளைக்குப் பெரிய பாராட்டு ஒரு சுமை. ‘அடுத்த முறை சொதப்பினால் அந்தப் பெயரும் போய்விடுமே’ என்ற பயம் வந்துவிடும். 1998-ல் மியூலர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ‘புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரமே துவண்டார்கள். ‘நன்றாக முயற்சி செய்தாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

இந்த வயதில் ஊரே தன்னைப் பார்க்கிறது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். ‘யாரும் உன்னைக் கவனிக்கவில்லை’ என்று வாதாடாதீர்கள், எடுபடாது.

அடுத்த முறை படத்தைக் கிழிக்கப் போகும்போது, ‘அழகாத்தானே இருக்கு’ என்று சொல்ல வேண்டாம். ‘எந்த இடம் பிடிக்கலை?’ என்று கேளுங்கள். ‘மூக்கு’ என்பாள். ‘மூக்கை மட்டும் வேறு தாளில் மூணு தடவை போட்டுப் பாரேன்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ‘எதுவுமே வராது’ என்பது ‘மூக்கு இன்னும் சரியா வரலை’ என்று சுருங்குவதுதான் முக்கியம். மூன்றாவது மூக்கு தேறியிருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள்: ‘நிழலை மாத்திப் போட்டதும் எடுப்பா இருக்கு.’

வீட்டில் ஒரு வேலையை முழுசாக அவள் பொறுப்பில் விடுங்கள். துணி மடிப்பது என்றால் அலமாரியில் அடுக்குவது வரை அவளுடையது. பெரும்பாலான வீடுகளில் கெடுவது இங்கேதான்: கோணலாக மடித்ததை அம்மா பிறகு பிரித்து மடிப்பார். அவள் பார்த்துவிட்டால், நூறு பாராட்டும் வீண். கோணல் இருந்துவிட்டுப் போகட்டும். கண்டிக்கும்போது செய்ததைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். அக்கா தங்கையை இழுக்கவே வேண்டாம்.

தூக்கம், சாப்பாடு, தோழிகள் என்று எல்லாவற்றிலிருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுங்கியே இருந்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். ‘நான் இல்லாமலே இருக்கலாம்’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.