முதல் எல்க் வேட்டைக்கு எந்த வில் வாங்கலாம்?

தம்பி, கொலராடோ மாநில டென்வருக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு, ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவங்க செப்டம்பர்ல எல்க்குங்கிற பெரிய மான் வேட்டைக்குக் கூப்பிடுறாங்க, 70 பவுண்டு காம்பவுண்ட் வில் (கப்பி வச்ச வில்) ஒண்ணு ஆன்லைன்ல தள்ளுபடியில வருது, எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. எடுக்காதீங்க. ஊருக்குள்ள இருக்கிற ஒரு வில் கடைக்கு நேர்ல போங்க.

முதல்ல டிரா லெங்த், அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுப்பீங்கங்கிற அளவு. ரெண்டு கையையும் விரிச்சு, நடுவிரல் நுனிக்கு நுனி எத்தனை அங்குலம்னு அளந்து 2.5-ஆல வகுத்தா கிட்டத்தட்ட வந்துடும். விரிச்ச கை 67 அங்குலம்னா கிட்டத்தட்ட 27. ஆறடி நண்பரோட 29 அங்குல வில்லை இரவல் வாங்கினா நாண் கன்னத்தைத் தாண்டிப் போயிடும், குறி நிக்காது. வலது கைக்காரரா இருந்தும் குறி பார்க்க இடது கண் ஓங்கியிருக்கிறவங்க நிறைய உண்டு. அதையும் கடையிலேயே பார்த்துடுங்க.

அடுத்தது இழுப்பு எடை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படுற விசை; நீங்க சொன்ன 70 பவுண்டு இதுதான். இங்கதான் ஆம்பளைங்க வீம்பு பிடிக்கிறது. கொலராடோ சட்டப்படி 35 பவுண்டு இருந்தாலே போதும். எல்க்குக்கு 50-லிருந்து 60 வரை தாராளம். 60 பவுண்டு வில்லுல 80 சதவீதம் லெட்-ஆஃப் (முழுசா இழுத்ததும் குறையுற பாரம்) இருந்தா, அப்புறம் கையில தாங்க வேண்டியது 12 பவுண்டுதான். ஆனா அந்த உச்சத்தைத் தாண்டித்தானே அங்க வரணும்! கடையில இப்படிச் சோதிங்க: நாற்காலியில உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேரா நீட்டி, அசையாம இழுங்க. வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கினாத்தான் வருதுன்னா எடை அதிகம். பத்தாயிரம் அடி உயரத்துல, விடியற்காலைக் குளிர்ல, முட்டி போட்டுக்கிட்டு, 30 கெஜத்துல நிக்கிற எல்க் முன்னாடி அப்படித் தூக்கினா அது பார்த்துட்டு ஓடியே போயிடும்.

வில்லைவிட அம்புல கவனம் வைங்க. 300 கிலோவுக்கு மேல வளர்ற மிருகம். அம்பு ரெண்டு நுரையீரலையும் துளைச்சு அந்தப் பக்கம் வெளியே வரணும். ரெண்டு ஓட்டை விழுந்தா ரத்தத் தடம் கிடைக்கும், தேடிப் பிடிக்கலாம். வேகத்துக்காக இலேசான அம்பு வாங்கச் சொல்லுவாங்க, மயங்காதீங்க. முனையோட சேர்த்து 450 கிரெய்ன், அதாவது 29 கிராம் பக்கம் இருக்கட்டும். அம்போட விறைப்பு வில்லோட இழுப்பு எடைக்கும் அம்பு நீளத்துக்கும் பொருந்தணும். இல்லைன்னா நெளிஞ்சு போகும்.

முனைக்கு, பாயும்போது விரியுற மெக்கானிக்கல் பிராட்ஹெட் (அலகு வச்ச வேட்டை முனை) வேண்டாம். விரியவே கொஞ்சம் விசை செலவாகும். உங்க இழுப்புக்கு நிலையான அலகுள்ளதுதான் சரி. அகலம் சட்டப்படி குறைஞ்சது 7/8 அங்குலம். பயிற்சி முனை போற இடத்துக்கே பிராட்ஹெட்டும் போகும்னு நம்பாதீங்க. மாட்டி எய்து பார்த்து, அலகை மறுபடி தீட்டி வைங்க. மிருகம் பக்கவாட்டில நின்னாத்தான் விடணும். நேருக்கு நேர் நின்னா, எவ்வளவு கிட்ட இருந்தாலும் முதல் வருஷக்காரருக்கு வேண்டாம்.

சைட் (குறி பார்க்க), ரெஸ்ட் (அம்பைத் தாங்க), ரிலீஸ் (நாணை விட) எல்லாம் நடுத்தரத்துல போதும். தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் மட்டும் கட்டாயம். சரிவுல கண்ணளவு ஏமாத்தும்.

துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி எய்யுற குறுக்கு வில் யோசனை இருந்தா விட்டுடுங்க, கொலராடோவில வில் சீசன்ல பொதுவா அனுமதி இல்லை. எச்1பி-க்காரங்க துப்பாக்கி வச்சிருக்க ஃபெடரல் தடை உண்டு, வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு. வில்லுக்கு அந்தத் தலைவலியே கிடையாது. ஆனா வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிச்சதுக்கான ஹன்டர் எஜுகேஷன் கார்டு வேணும், 1949 ஜனவரி 1-லோ அதுக்குப் பிறகோ பிறந்த எல்லாருக்கும் அது கட்டாயம். தொடர்ந்து ஆறு மாசம் இங்க குடியிருந்ததுக்கு ஆதாரம் எடுத்து வைங்க. வெளி மாநிலக்காரர் கட்டணம் பத்து மடங்குக்கும் மேல.

காசு விஷயம்: சைட், ரெஸ்ட் எல்லாம் பூட்டின தொகுப்பு 500-லிருந்து 800 டாலருக்குள்ள நல்லதாவே கிடைக்கும். மிச்சத்தை நல்ல பூட்ஸ், முதுகுப்பை, இறைச்சிப் பைகளுக்கு ஒதுக்குங்க. நாலு தொடை, முதுகுக்கறின்னு எல்லாத்தையும் மலையிலிருந்து நீங்கதான் சுமக்கணும். உண்ணக்கூடிய கறியை விட்டுட்டு வர்றது குற்றம். கடைக்கு மே மாசமே போயிடுங்க, ஆகஸ்ட்ல நாண் மாத்தக்கூட வரிசைல நிக்கணும்.