நகையை அடகு வைப்பதற்கு முன்: ஏஜென்ட், விசா, ஒப்பந்த வேலை – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். டைல்ஸ் ஒட்டும் வேலை நன்றாகத் தெரியும். உறவினர் ஒருவர் திருச்சியில் உள்ள ஒரு டிராவல்ஸுக்கு அழைத்துப் போனார். துபாயில் வேலை, மொத்தம் 1,40,000 ரூபாய் செலவாகும், வெள்ளிக்கிழமைக்குள் 50,000 கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள். முதலில் விசிட் விசாவில் போய், ஒரே மாதத்தில் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமாம். என் நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பெரம்பலூர்

பதில்: வைக்காதீர்கள், அம்மா. அந்த வெள்ளிக்கிழமை போனால் போகட்டும்.

1,40,000 பெரிய தொகைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது ‘விசிட் விசா’ என்ற சொல். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) வகைப் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அந்தப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்குக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு என்றெல்லாம் எழுதிய ஒப்பந்தம் இருந்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ 10 லட்சம் கிடைக்கும். விசிட் விசாவில் ஏற்றி அனுப்புகிறவர் இந்த ஒப்பந்தம், காப்பீடு, அனுமதி மூன்றையும் உங்கள் மகனிடமிருந்து பறித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

அங்கே போன பிறகு நடப்பதையும் யோசியுங்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகச் சட்டப்படி குற்றம். இரண்டு மாதம் வேலை வாங்கிக்கொண்டு சம்பளம் தரவில்லை என்றால் உங்கள் மகன் யாரிடம் போய்ச் சொல்வான்? சொல்லப் போனால் முதலில் மாட்டுவது அவன்தான். விசா முடிந்த பிறகும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். ஊர் திரும்ப விமானம் ஏறுவதற்கு முன் அதைக் கட்ட வேண்டும்.

இனி, பணம். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த ஏஜென்ட் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் சொல்வது அது. அவரும் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய்தான். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். மெடிக்கல் போன்ற சில்லறைச் செலவுகள் தனி என்று வைத்துக்கொண்டாலும் 1,40,000 எங்கிருந்து வருகிறது? ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று அமீரகத்தின் தொழிலாளர் சட்டமே முதலாளிக்குத் தடை போட்டிருக்கிறது.

அந்த டிராவல்ஸின் பெயரை ‘இ-மைக்ரேட்’ அரசு இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. பதிவு இல்லாமல் ஆள் எடுப்பதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் இருக்கிறது. விமான டிக்கெட் போட அனுமதி இருப்பது வேறு, ஆள் எடுக்கப் பதிவு இருப்பது வேறு. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் எதற்கானது என்று கிட்டே போய்ப் படிக்க வேண்டும். பதிவு எண் சரியாக இருந்தாலும், பட்டியலில் உள்ள முகவரியும் நீங்கள் போன அலுவலகமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணை அச்சடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

உங்கள் உறவினரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு வரும் ஏமாந்த கதைகள் பலவும் ‘தெரிந்தவர்தான் அழைத்துப் போனார்’ என்றுதான் தொடங்குகின்றன. ஊருக்குள் ஆள் பிடித்துத் தரும் சப் ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் கையில் கொடுத்த பணத்துக்குக் கணக்கும் இல்லை. கொடுப்பதாக இருந்தால், பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், அதுவும் ஒப்பந்த நகல் கைக்கு வந்து அதை மகன் படித்த பிறகு.

தமிழக அரசே 1978 முதல் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. மகனை அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். டைல்ஸ் வேலை கையில் இருப்பவன், கொஞ்சம் காத்திருக்கலாம். வேறு சந்தேகங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090.

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை. ஏஜென்ட் மாதம் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார். இப்போது வந்துள்ள ஐ.பி.ஏ. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி என்றுதான் இருக்கிறது. ‘காகிதத்தில் அப்படித்தான் போடுவார்கள், ஓ.டி. பார்த்தால் 1,200 தாண்டும்’ என்கிறார். மூன்று லட்சம் கேட்கிறார். ஸ்கில் டெஸ்ட் தேறிவிட்டேன். போகலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: தம்பி, ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். சிங்கப்பூரில் ஒரு மணி நேரச் சம்பளத்தைக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு 44 மணி நேரத்தையும் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுக்க வேண்டும். 600 வெள்ளிக்கு மணிக்கு 3.15 வெள்ளி வருகிறது. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4.72. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. பார்க்கக் கூடாது என்பது பொது விதி. முழு 72 மணி நேரமும் பார்த்தால் கிடைப்பது 340 வெள்ளி. ஆக 940. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தனிக் கணக்கு உண்டு; ஆனால் ஓய்வு நாளையெல்லாம் விற்றுத்தான் ஏஜென்ட் சொன்ன தொகையை எட்ட வேண்டும் என்றால், அவர் உங்களிடம் சொன்னது சம்பளம் அல்ல.

ஐ.பி.ஏ. என்பது வேலை அனுமதிக்கான கொள்கை அளவிலான ஒப்புதல். அதில் எழுதியிருப்பதுதான் சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்துக்குத் தெரிந்த சம்பளம். நாளை தகராறு என்று போனால் அந்தக் காகிதத்தைத்தான் அதிகாரி பார்ப்பார். ஏஜென்ட் இங்கே வாயால் சொன்னதற்கு அங்கே மதிப்பில்லை. அந்தக் கடிதம் உங்களுக்குப் புரிகிற மொழியிலும் தரப்பட வேண்டும். தமிழில் கேட்டு வாங்கி, அலவன்ஸ், பிடித்தம் என்ற வரிகளையும் படியுங்கள். கடிதம் உண்மையானதா என்பதை அமைச்சகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

சிங்கப்பூரில் உள்ள ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது: ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை. உங்கள் கணக்கில் அது 1,200 வெள்ளி. இங்கே பதிவு பெற்ற ஏஜென்டுக்கு மேலே சொன்ன 30,000 ரூபாய் வரம்பு. மூன்று லட்சம் இந்த இரண்டிலும் அடங்காது. வேலை கொடுப்பதற்காக முதலாளியே உங்களிடம் பணம் வாங்கினால் அது சிங்கப்பூரில் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

600 வெள்ளிக்கு மூன்று லட்சம் கடன் வாங்கிப் போனால், முதல் ஆண்டு முழுவதும் வட்டிக்காரருக்குத்தான் உழைப்பீர்கள். நான் போக வேண்டாம் என்பேன். ஸ்கில் டெஸ்ட் சான்றிதழ் உங்களுடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு கம்பெனியைத் தேடலாம். அது ஏஜென்டிடம் இருக்கிறது என்றால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மேன்பவர் கம்பெனி மூலம் 14 மாதமாக வேலை செய்கிறேன். 18,000 சம்பளம் என்று எடுத்தார்கள். கையில் 13,680 வருகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் என்கிறார்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் கேட்டால் ‘வரும்’ என்கிறார்கள்.
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உங்கள் தொகையை வைத்துக் கணக்குப் போட்டேன். பி.எஃப். கணக்கிடும் உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு 12 சதவீத பி.எஃப். 1,800. உங்கள் இ.எஸ்.ஐ. பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். இரண்டையும் கழித்தால் 16,065 வர வேண்டும். 13,680 எப்போது வரும்? நிர்வாகம் கட்ட வேண்டிய 1,800-ஐயும், அதன் இ.எஸ்.ஐ. பங்கான 585-ஐயும் சேர்த்து உங்களிடமே பிடித்தால், ரூபாய் பிசகாமல் அந்தத் தொகை வருகிறது.

‘நாங்கள் சொன்ன 18,000 சி.டி.சி.’, அதாவது நிர்வாகப் பங்கையும் சேர்த்த மொத்தச் செலவு, என்று அவர்கள் வாதாடலாம். எடுக்கும்போதே அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் வாதம் செல்லும். அதனால்தான் ஆஃபர் லெட்டரைத் தேடி எடுங்கள் என்கிறேன். மொத்தச் சம்பளம் 18,000 என்று எழுதிவிட்டு, நிர்வாகப் பங்கையும் உங்கள் தலையில் கட்டியிருந்தால் அது சட்டவிரோதம்.

எது எப்படியானாலும், மாதம் 3,600 வீதம் 14 மாதத்துக்கு 50,400 ரூபாய், பென்ஷன் பங்கையும் சேர்த்து, உங்கள் பெயரில் இருந்தாக வேண்டும். பி.எஃப். இணையதளத்திலோ உமாங் செயலியிலோ ஆதாரை வைத்து யு.ஏ.என். எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். பாஸ்புக்கைத் திறந்து மாதம் மாதமாகப் பாருங்கள். காலியாக இருந்தால் பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியுங்கள். அதில் மேன்பவர் கம்பெனியின் பெயரோடு தொழிற்சாலையின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டால் முதன்மை நிர்வாகமான தொழிற்சாலை பொறுப்பேற்க வேண்டும். தொழிற்சாலையின் மனிதவளத் துறைக்குக் கடிதம் போன பிறகு, அதுவரை ‘வரும்’ என்றிருந்த எண் சட்டென்று வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் முதலில் உறுதி செய்யுங்கள். உங்களை அப்ரெண்டிஸ் என்று பதிவு செய்திருந்தால் பி.எஃப். கிடையாது, அப்போது அந்தப் பெயரில் பிடித்தமும் இருக்கக் கூடாது.

கேள்வி: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டெலிகிராமில் இன்டர்வியூ முடிந்தது, டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருகிறார்கள். பணமே கேட்கவில்லை. இதில் என்ன ஏமாற்று இருக்க முடியும்?
– பட்டதாரி வாசகர், தேனி

பதில்: போகாதீர்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்த இடங்களிலிருந்து 2022-இல் தமிழக இளைஞர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை. பணம் கேட்காததே இதில் தூண்டில். தப்பியவர்கள் திரும்பி வந்து சொன்னதை உங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்க முடிகிற இந்த நேரத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஒரு கன்சல்டன்சிக்கு 60,000 கட்டி எட்டு மாதம் ஆகிறது. குவைத் வேலை வரவில்லை. பாஸ்போர்ட்டும் அவர்களிடம். பணத்தைக் கேட்டால் ரசீதைப் பார் என்கிறார்கள். ரசீதின் படத்தை அனுப்பியுள்ளேன்.
– வாசகர், கடலூர்

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பெயரும் கைபேசி எண்ணும் மட்டும். பதிவு எண் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. தொகை பால்பாயிண்ட் பேனாவில். ‘விவரம்’ என்ற இடத்தில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதி, அடியில் ரப்பர் முத்திரையில் ‘எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது’. அந்த முத்திரையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சேவையே தராமல் பணத்தை வைத்துக்கொள்ள ஒரு முத்திரை உரிமை கொடுத்துவிடாது. பதிவு இல்லாமல் ஆள் எடுத்ததே தனிக் குற்றம்.

முதலில் பாஸ்போர்ட். அது இந்திய அரசின் சொத்து என்று பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. பணத் தகராறுக்கு அதைப் பிணையாக வைத்துக்கொள்ள ஒரு கன்சல்டன்சிக்கு எந்த உரிமையும் இல்லை. காவல் நிலையத்தில் பாஸ்போர்ட்டுக்கும் பணத்துக்கும் சேர்த்துப் புகார் கொடுங்கள். மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பணம் கொடுத்துச் சேவை கேட்டதால் நீங்கள் நுகர்வோரும்கூட. (சம்பளம் தராத முதலாளி மீது இந்த வழியில் போக முடியாது, ஏஜென்ட் மீது போகலாம்.) 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கன்சல்டன்சி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் கடலூரை விட்டு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு வழக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குக்கு முன் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள், ஸ்பீடு போஸ்டில். கோபத்தை எழுத வேண்டாம். எந்தத் தேதியில், யாரிடம், எவ்வளவு, எப்படிக் கொடுத்தீர்கள்; எந்த வேலை, எத்தனை மாதத்தில் என்று சொன்னார்கள்; 15 நாளுக்குள் 60,000 ரூபாயும் பாஸ்போர்ட்டும் வர வேண்டும் – இவ்வளவு போதும். அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை இன்றிரவே நகலெடுத்து இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.