எட்டு கோல்

கேள்வி: ஐரோப்பாவின் குட்டி நாடான சான் மரினோவின் கால்பந்து வீரர் ஆண்டி செல்வா நாட்டுக்காக அடித்தது 8 கோல்தான். அவரைப் போய்ப் பெரிய ஆட்டக்காரர் என்கிறான் என் அண்ணன். சரியா?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: சரிதான் தாயி. சான் மரினோவே உங்கள் அம்பாசமுத்திரம் அளவு ஜனம்தான். ஏறக்குறைய 34,000 பேர். அங்கே 8 கோல்தான் இன்றுவரை சாதனை. 2004 ஏப்ரல் 28, இன்னொரு குட்டி நாடான லீக்டென்ஸ்டைனுடன் ஆட்டம். ஐந்தாவது நிமிஷமே செல்வா கோல் போட்டார். 1-0, நாட்டின் முதல் வெற்றி! அடுத்த வெற்றி 2024-ல்தான். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நானும் டிஃபென்ஸ் ஆடியவன். ஆறு கோல் வாங்கிய மறுநாள் பூட்ஸ் கயிறு கட்டவே கை வராது. செல்வாவோ 1998 முதல் 2016 வரை தோற்றுத் தோற்று, மறுபடி வந்து நின்றார். அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.